“ஒண்ணுமில்ல, போய் வெளையாடு”

அதிகாலை நான்கரை மணி. உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் டீக்கடை அடுப்பு பற்றிக்கொண்டுவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கும் ஆளேற்றும் வண்டிகள் இன்னும் வரவில்லை. கோவை செல்லும் பேருந்தில் ஜன்னலோரம் தலையில் துணி சுற்றிய ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கணவர். அவர் மடியில் ஸ்கேன் கவரும் மஞ்சப்பையில் சாப்பாட்டு டப்பாவும். பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போக வேண்டும். கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப இருட்டிவிடும்.

அந்தப் பேருந்தில் ஏறாத ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே வீடாகச் சொல்கிறேன். அங்கே எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். தாழ்ப்பாள் சத்தத்திலேயே விழித்துவிட்டாள். கண்ணை இறுக்கி மூடி, தூங்குவதுபோலக் கிடக்கிறாள். விடிந்ததும் கேட்கிறாள்.

“அம்மா எங்க போயிருக்காங்க, அம்மிச்சி?”

“ஊருக்குப் போயிருக்கா சாமி. சாயங்காலம் வந்துருவா.”

“அம்மாவுக்கு என்னாச்சு?”

“மேலுக்குச் செரியில்ல, அவ்வளவுதான். ஒண்ணுமில்ல, போய் வெளையாடு.”

பிஞ்சு மனசு நொந்துவிடக் கூடாது என்றுதான் பாட்டி, அவள் அம்மிச்சி, அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்தப் பிஞ்சு ஏற்கெனவே நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. குளியலறைத் தண்ணீர்ப் போக்கியில் சுருண்டு கிடந்த முடிக் கற்றையைப் பார்த்திருக்கிறாள். அடுக்களையில் தாழ்ந்த குரலில் ‘கட்டி’ என்றதும் ‘மூணாவது ஊசி’ என்றதும் காதில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று அவள் நினைவில் இருக்கிறது. அம்மா படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, இட்லி வேண்டாம் என்று இவள் அடம்பிடித்தபோது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அம்மா கத்தினார்: “எம் உசுர வாங்காதடி!”

நாம் நாளுக்குப் பத்து முறை சொல்லி மறக்கிற வாக்கியம் இது. எட்டு வயதுக் கணக்கு வேறு மாதிரிப் போகும். அம்மா உசுர வாங்காதே என்றாள், நான் கேட்கவில்லை, அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது. இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அது தப்பு என்று யாரும் திருத்தப் போவதுமில்லை. பெற்றவர்களின் நோய் பிள்ளைகளை வருத்தும், அதைத் தடுக்க முடியாது. அந்த வருத்தத்தோடு பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதுதான் ஆறாத காயமாகிறது. அதைத் தடுக்க நம்மால் முடியும். எப்படி என்று கடந்த அரை நூற்றாண்டு அறிவியல் தெளிவாகவே சொல்கிறது.

சொல்லாமலே தெரிந்துகொள்ளும்

பேச்சு வராத குழந்தைகூட அம்மாவின் முகத்தைப் படித்துவிடும். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். சில மாதக் குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுவார். பிறகு சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறுமனே பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும், கையை நீட்டும், மழலையில் கூப்பிடும். எதற்கும் பலன் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிடும். அடித்தவர் யாருமில்லை, பசியுமில்லை. தெரிந்த முகம் தெரியாத முகமாகிவிட்டது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கே இது தெரிகிறது என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நாம் எதை மறைத்துவிட முடியும்?

அதே காலத்தில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர், ரத்தப் புற்றுநோய் வந்த மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளோடு ஓர் அமெரிக்க மருத்துவமனையில் நெருங்கிப் பழகினார். 1978-ல் அவர் எழுதிய நூல் மருத்துவ உலகை உலுக்கியது. தாங்கள் பிழைக்கப் போவதில்லை என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. மருந்தின் பெயர்களிலிருந்தும், வராந்தாவில் பெரியவர்கள் அழுததிலிருந்தும், பக்கத்துக் கட்டில் காலியானதிலிருந்தும் தெரிந்துகொண்டார்கள். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா தாங்க மாட்டார்கள் என்று அவர்களுக்காக நடித்தார்கள். பெரியவர்களோ குழந்தைக்காக நடித்தார்கள். ஒரே அறைக்குள் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒவ்வொருவரும் தனியாகத் துடித்தார்கள்.

இந்த நாடகம் நம் வீடுகளிலும் நடக்கிறது. ‘பாப்பா இதப் பத்தி ஒண்ணுமே கேக்கறதில்ல, நல்ல வேள’ என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். கேட்டால் அம்மா முகம் வாடுகிறது என்று கண்டுகொண்ட பிள்ளை கேள்வியை விழுங்கிவிட்டது என்பதே பெரும்பாலும் உண்மை.

வயதுக்கு ஒரு கணக்கு

குழந்தை நம்மைவிடக் குறைவாக யோசிப்பதில்லை, வேறு விதமாக யோசிக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாகக் காட்டினார். பள்ளி செல்லும் முன் பருவத்தில் குழந்தையின் உலகத்துக்கு அதுவே நடு. தான் நினைத்தது நடக்கும், தான் கோபித்தால் கெட்டது நடக்கும் என்று நம்பும். ‘உசுர வாங்காத’ என்பது போன்ற சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பள்ளி வயதுக்கு வந்த பிறகும், பயம் மிகுந்த நேரத்தில் இந்த நம்பிக்கை திரும்பி வரும்.

சாவு என்றால் என்ன என்பதையும் குழந்தை ஒரே நாளில் புரிந்துகொள்வதில்லை. மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், புடாபெஸ்ட் வட்டாரத்தில் மூன்று முதல் பத்து வயது வரையிலான 378 குழந்தைகளிடம் பேசியும் வரையச் சொல்லியும் ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது தூக்கம் போன்றது, ஊருக்குப் போவது போன்றது, திரும்பி வந்துவிடலாம். அதற்கு அடுத்த பருவத்தில் சாவு யாரோ ஓர் ஆள் மாதிரி. வந்து பிடித்துக்கொண்டு போகும், சாமர்த்தியம் இருந்தால் தப்பிக்கலாம். ஒன்பது, பத்து வயதில்தான் அது எல்லோருக்கும் வருவது, வந்தால் மீளாதது என்ற தெளிவு வருகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதுக் கோடுகளை இளக்கின. வீட்டில் நோயையும் சாவையும் பார்த்த குழந்தைக்கு இந்தத் தெளிவு முன்னதாகவே வந்துவிடுகிறது.

ஆகவேதான் ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’, ‘தாத்தா தூங்குறாரு’, ‘சாமி கூட்டிட்டுப் போயிருச்சு’ ஆகிய மூன்றும் ஆபத்தான ஆறுதல்கள். முதலாவதைக் கேட்ட குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவதைக் கேட்ட குழந்தை ராத்திரி படுக்கப் பயப்படும். மூன்றாவதைக் கேட்ட குழந்தைக்குச் சாமி மேலேயே கோபம் வரும்.

நோயைப் பற்றிய கணக்கும் வயதோடு மாறுகிறது. 1980-ல் பிபேஸ், வால்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இது: மிகச் சிறிய குழந்தைகள் வெளியில் கண்ணில் படும் எதையாவது நோய்க்குக் காரணமாக்குவார்கள். பிறகு, பக்கத்தில் போனாலே ஒட்டிக்கொள்ளும் என்றும், தொட்டாலோ தப்புச் செய்தாலோ வரும் என்றும் நினைப்பார்கள். உடம்புக்குள் ஓர் உறுப்பு பழுதாவதுதான் நோய் என்ற எண்ணம் பின்னால்தான் வருகிறது. கேன்சர் வந்த அம்மா மடியில் படுக்க மறுக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பாசம் குறைந்துவிடவில்லை. தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறது. ‘கேன்சர் ஒட்டாது கண்ணு, கட்டிப் புடிச்சுக்கலாம்’ என்ற ஒரு வாக்கியம் தாயையும் மகளையும் சேர்த்துவிடும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் வேறு. நோயின் பெயர் தெரிந்த அன்றைக்கே செல்போனில் தேடிவிடுவார்கள். நடுராத்திரியில் யாரோ எவரோ போட்ட வீடியோ சொல்லும் பாதி உண்மையைவிட, வீட்டில் அப்பா உட்கார்ந்து சொல்லும் முழு உண்மை குறைவாகவே பயமுறுத்தும்.

உடம்புக்குள் அடிக்கும் மணி

பயத்துக்கு உடம்பில் ஓர் இயந்திரம் உண்டு. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா பகுதி எச்சரித்தால், ஹைப்போதலமஸும் பிட்யூட்டரியும் வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அது கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும், உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். நாய் துரத்தினால் பிழைக்க வைப்பது இதுதான்.

வீட்டில் மாதக்கணக்கில் நோய் இருந்தால் ஆபத்து விலகுவதே இல்லை. தண்ணீர் வற்றிய போர்வெல்லில் நிற்காமல் ஓடும் மோட்டாரை நம் விவசாயிகளுக்குத் தெரியும்; உள்ளே கம்பிச் சுருள் சூடேறிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் உடம்பிலும் அப்படித்தான். வயிற்று வலி, தலைவலி, தூக்கத்தில் அலறல், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, காரணமில்லாத முரட்டுத்தனம். நினைவாற்றலுக்குத் துணை நிற்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி இந்த ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படக் கூடியது. நேற்றுச் சரளமாகச் சொன்ன வாய்ப்பாடு இன்று வராமல் போவது சோம்பேறித்தனத்தால் அல்ல.

இன்னொரு வகைப் பிள்ளை நம் கண்ணில் படுவதே இல்லை. அடம் பிடிக்காது, எதுவும் கேட்காது, சொல்வதற்கு முன்பே வேலை செய்யும். ‘எவ்வளவு பொறுப்பு பாருங்க’ என்று மெச்சுவோம். தான் ஒழுங்காக இருந்தால் அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று அது உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் வைத்திருக்கலாம். முதலில் பக்கத்தில் போய் உட்கார வேண்டியது அந்தப் பிள்ளையிடம்தான்.

இந்த மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் அறிவியலுக்குத் தெரியும். மெகன் கன்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தடுப்பூசி போடப்படும் குழந்தைகளின் எச்சிலில் கார்டிசாலை அளந்து பார்த்தார். பெற்றவர் மேல் உறுதியான நம்பிக்கை கொண்ட குழந்தைகள் ஊசி வலியில் அழுதார்கள். ஆனால் அவர்கள் உடம்பில் கார்டிசால் அவ்வளவாக ஏறவில்லை. அழுகை கேடல்ல, அழும்போது பிடித்துக்கொள்ளக் கை இல்லாததுதான் கேடு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜாக் ஷான்காஃப் இதையே பெரிய அளவில் சொல்கிறார். பெற்றவரின் கடும் நோய்போன்ற பெரிய துன்பம்கூட, நம்பகமான பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் குழந்தையால் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. அந்த ஒருவர் இல்லாதபோது, நீண்ட கால அழுத்தம் நஞ்சாகிறது.

அந்த ஒருவர் தாயாகவோ தந்தையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றவரின் மனநோய் என்று பல இடர்களோடு வளர்ந்தவர்கள் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல, திடமான மனிதராக வளர்ந்திருந்தார். அவர்களுக்கு வாய்த்த பொதுவான காப்புகளில் முக்கியமானது, சிறு வயதிலிருந்தே தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், யாராகவும் இருந்தார்கள்.

கொங்கு வீடுகளில் அம்மிச்சி, அப்பாரு என்று பாட்டி தாத்தாக்கள் இன்னும் கூப்பிடு தூரத்தில் இருப்பது நமக்கு வாய்த்த பெரும் சொத்து. தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார் மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அது இல்லை. அங்கே அந்த ஒருவராக அண்டை வீட்டாரும் ஆசிரியரும்தான் இருக்க வேண்டும்.

மண்டலம் மண்டலமாகத் தண்ணீர்

சரி, எவ்வளவு சொல்வது? நம் ஊரிலேயே இதற்குப் பொருத்தமான உவமை இருக்கிறது. திருமூர்த்தி அணையிலிருந்து பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது, ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்து விடுகிறார்கள். ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடையும். திறக்கவே இல்லையென்றால் பயிர் காயும். பிள்ளைக்கான உண்மையும் அப்படித்தான்: கொஞ்சம் கொஞ்சமாக, முறை தவறாமல், கேட்கக் கேட்க.

முதல் முறைக்கு நான்கு செய்திகள் போதும். நோயின் பெயர். இது உன்னால் வரவில்லை என்பது. ஒட்டுமா ஒட்டாதா என்பது. உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. எட்டு வயதுக் குழந்தையிடம் அப்பா இப்படிச் சொல்லலாம்:

“அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி வந்துருக்குது கண்ணு. அதுக்குப் பேரு கேன்சர். நீ சண்டை போட்டதுனாலயோ, சாப்பிடாததுனாலயோ வந்தது இல்ல. யாரு பண்ணுன தப்புமில்ல. தொட்டா ஒட்டவும் செய்யாது. கோயமுத்தூர்ல டாக்டருங்க மருந்து ஏத்துறாங்க. கெட்ட செல்லு வேகமாப் பெருகும், அந்த மருந்து வேகமாப் பெருகற எல்லாத்தையும் அடிக்கும். முடியும் வேகமா வளர்றது, அதனாலதான் கொட்டுது. மருந்து முடிஞ்சா மறுபடி வளரும். அம்மா ஆஸ்பத்திரி போற அன்னிக்கு அம்மிச்சி உன்னை ஸ்கூலுக்கு விடும், நான் ராத்திரி வந்து உங்கூடச் சாப்பிடுவேன்.”

ஒரு நிமிடப் பேச்சு இது. கேட்டுவிட்டுப் பிள்ளை கொஞ்சம் அழலாம். ஐந்தாவது நிமிடம் தெருவில் நொண்டி விளையாடப் போகலாம். புரியவில்லை என்றோ பாசமில்லை என்றோ நினைக்க வேண்டாம். ஒரு மடை அளவு தண்ணீரை வாங்கிக்கொண்டு அடைத்துவிட்டது. அடுத்த கேள்வி நாளைக்கு, குளிக்கும்போதோ தலை வாரும்போதோ வரும். அப்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

எல்லோரும் அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: “அம்மா செத்துப் போயிருவாங்களா?” ‘சே, என்ன பேச்சுப் பேசற’ என்று வாயை மூடினால் அந்தக் கேள்வி மறையாது, உள்ளே போய்விடும். ‘சத்தியமா நல்லாயிரும்’ என்றும் சொல்லக் கூடாது. சத்தியம் பொய்த்தால் பிள்ளை அம்மாவோடு சேர்த்து நம்மையும் இழந்துவிடும். சிகிச்சை நல்லபடியாகப் போகும்போது உண்மையான பதில் இதுதான்: “இப்ப மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஏதாச்சும் மாறுச்சுன்னா உங்கிட்ட நானே வந்து சொல்றேன். உனக்குத் தெரியாம எதையும் ஒளிக்க மாட்டேன்.” குணமாகாது என்று தெரிந்துவிட்டால், அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும், விடைபெறவும் நாள் கிடைக்க வேண்டும்.

காசநோய் என்றால் மட்டும் ‘ஒட்டாது’ என்று சொல்லிவிட முடியாது. சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்பதையே எளிமையாகச் சொல்லலாம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா என்றால், கையில் புடைத்திருக்கும் அந்த ரத்தக்குழாயைக் காட்டி, ‘இந்தக் கைய மட்டும் இழுக்கக் கூடாது சாமி, அந்தக் கைல தொங்கலாம்’ என்று சொன்னால் போதும். மனநோய் வந்த வீடுகளில் மௌனம் இன்னும் தடிப்பாக இருக்கும். ‘அப்பா பேசாம இருக்கறது உன்மேல கோவத்துல இல்ல, அவரோட மனசுக்கு நோவு வந்துருக்குது’ என்ற விளக்கம் அந்தப் பிள்ளைக்கும் வேண்டும்.

சொல்லத் துணிவதற்குப் பெரியவர்களுக்கும் துணை வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாநிலத்தில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார் பலர், தங்கள் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நோயைச் சொல்ல முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்காக ‘அமகுகு’ என்ற திட்டம் உருவானது. சூலு மொழியில் அதற்குப் பொக்கிஷங்கள் என்று பொருள். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்கு வந்து, படங்களும் கதைகளும் தந்து தாயையே பேசத் தயார்செய்தார்கள். 2017-ல் வெளியான ஆய்வு முடிவின்படி, இந்த உதவி கிடைத்த தாய்மாரில் மிகப் பலர் தாங்களே பிள்ளையிடம் மனம் திறந்தார்கள். பெரிய படிப்புப் படித்த நிபுணர் இல்லாமலே இது நடந்தது.

சின்ன முதுகில்

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே வேலை கிடைப்பது எளிது. அப்பா படுத்துவிட்டால் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பிசிறு வெட்டவோ கை மடிக்கவோ வேலை தர யாராவது இருப்பார்கள். சனிக்கிழமைச் சம்பளம் வீட்டுக்கு வரும். அந்த வாரம் அரிசி வாங்கியாயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வளரிளம் பெண்களை விடுதியில் அடைத்து மூன்றாண்டு வேலை வாங்கிய வழக்கத்தை இந்த மாவட்டங்கள் மறந்திருக்காது. கல்யாணச் செலவும் கடனும் அந்தப் பெண்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. குடும்பத்தில் ஒருவரின் நோய்தான் பல கடன்களுக்கு முதல் புள்ளி.

வெளியே போகாத பிள்ளையும் வீட்டுக்குள் அம்மாவின் வேலையைச் சுமக்கிறது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தம்பிக்குச் சோறூட்டுவது நல்ல பழக்கங்கள்தான். உதவ முடிகிறது என்ற பெருமிதம் பிள்ளைக்கு நல்லது. ஆனால் அதற்கு எல்லை வேண்டும். அம்மாவுக்குப் புண் துடைத்துக் கட்டுவது, ராத்திரி விழித்துக் காவல் இருப்பது, ‘இனி நீதான் இந்த வீட்டுக்கு எல்லாம்’ என்ற வார்த்தையைச் சுமப்பது ஆகியவை பிள்ளைகளின் வேலை அல்ல. பாடமும் விளையாட்டும் தூக்கமும் கெடாத அளவே சரியான அளவு.

பள்ளியும் ஆஸ்பத்திரியும்

நோய் புகுந்த வீட்டில் எல்லாமே மாறிவிடும்போது, மாறாமல் இருக்கும் ஒரே இடம் பள்ளி. வகுப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது வீட்டார் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள காரியம். ‘வீட்டுப்பாடம் ஏன் எழுதல’ என்று வகுப்பு நடுவே அதட்டாமல், இடைவேளையில் ‘சாப்டியா? அம்மா எப்படி இருக்காங்க?’ என்று ஆசிரியர் கேட்டாலே அவர் கவாய் தீவின் அந்த ஒரு பெரியவராகிவிடுகிறார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நான் இந்தக் கண்ணோடும் பார்க்கிறேன். அம்மா எழுந்து அடுப்புப் பற்ற வைக்க முடியாத காலையில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு முன்னால் வைக்கப்படும் சூடான உப்புமா வயிற்றை நிரப்புவதோடு, தன்னையும் யாரோ நினைத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தையும் தருகிறது.

நம் மருத்துவமனைகள் இன்னும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நார்வேயில் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. கடும் நோயாளிக்குச் சிறு வயதுக் குழந்தைகள் உண்டா என்று கேட்பதும், அவர்களுக்குத் தேவையான விவரமும் ஆதரவும் கிடைக்கச் செய்வதும் மருத்துவப் பணியாளரின் கடமை. அங்கே மருத்துவமனைகளில் இதற்கென்றே பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். அமராவதி, சின்னாறு வழியாக மூணாறு போகும் மலைப்பாதையில் ஏறி இறங்கினால் கேரளம். அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம் ஊர் மக்களின் இயக்கமாகப் பரவியது. நோயாளி வீட்டுக்குப் போகும் தொண்டர்கள் மருந்தோடு நில்லாமல், அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் விசாரிக்கிறார்கள்.

நம்மிடமும் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்களும் ஆதரவுச் சிகிச்சை செவிலியர்களும் வீடு தேடி வருகிறார்கள். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ‘பசங்க எப்படி இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லியாச்சா?’ என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்க வேண்டும். பைசா செலவில்லாத மருந்து அது.

கேட்டால் கிடைக்கும் உதவிகள்

நோயின் கவலையில் பாதி பணக் கவலை. அது குறைந்தால் வீட்டில் குரல் உயர்வதும் குறையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்பது பலருக்குத் தெரியும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்ட கால நோய்களில் ஒன்று வந்தால், தகுதியிருப்பின் இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 சதவீதம் பெறலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

அதைவிடத் தெரியாதது பிள்ளைகளுக்கென்றே உள்ள உதவி. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருப்பதும் அதற்கான தகுதிகளில் ஒன்று. குடும்ப ஆண்டு வருமானம் கிராமங்களில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கியது. பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மனம் தளர்ந்தவர் எவராயினும் பேச 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணும் இருக்கின்றன. படுத்திருப்பவரால் அலைய முடியாது. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் ஏறி இறங்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பவர்தான்.

அந்த எட்டு வயதுப் பெண்ணின் வீட்டுச் சுவரில், கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பால் கணக்கு: ஒன்று, ஒன்றரை, வராத நாளுக்குப் பெருக்கல் குறி. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் உட்காரவைத்து எல்லாம் சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுக்கலாம். ‘அம்மா கோயமுத்தூர் போற நாளுக்கெல்லாம் நீயே வட்டம் போடு.’ அவள் தேதி பார்த்துப் போடுவாள். அடுத்த வட்டம் வரும் நாளில், தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போது அவள் தூங்குவதுபோல நடிக்கத் தேவையிருக்காது. எழுந்து வாசல் வரை வந்து, அம்மாவின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டு, போய்ட்டு வாங்க என்று சொல்லி, திரும்பிப் போய்ப் படுத்து உண்மையாகவே தூங்குவாள்.